மோனிகா செட்டர்லுண்ட்: ஒரு பாடகியை எப்படிச் சொல்லக்கூடாது

அயல்நாட்டுக் கலைஞர் ஒருவரைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்யும் கட்டுரைகளுக்கென ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. எளிய பிறப்பு, எதிர்பாராப் புகழ், பொதுமேடையில் ஓர் அவமானம், குடி, தனிமை, இறுதியில் கொடிய மரணம். கலைஞர் எந்த நாட்டவராயினும், எந்தக் கலையைச் சேர்ந்தவராயினும் இந்த ஆறு கட்டங்களுக்குள் அடைத்துவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். அவர் செய்த கலை என்ன என்ற கேள்வி எழாமலேயே வாசகர் கண்கலங்கிவிடுவார்.

பிறரைக் குறைகூறுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்வதே முறை. மொழிபெயர்ப்பியல் தாளுக்கான வகுப்பொன்றில், பாடல்வரிகள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்வதைப் பற்றிப் பேசுகையில், ஸ்வீடன் நாட்டு ஜாஸ் பாடகி மோனிகா செட்டர்லுண்டின் பாடலொன்றை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். அதற்கு முன்பாக அவரைப் பற்றி நான்கு வாக்கியங்கள் சொன்னோம். 1937இல் ஒரு சிற்றூரில் பிறந்து தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். ஜாஸ் பாடகியாகவும் திரைநடிகையாகவும் நாடறிந்தவரானார். 1963இல் யூரோவிஷன் பாட்டுப்போட்டியில் ஒரு மதிப்பெண்கூடப் பெறாமல் கடைசியில் நின்றார். 2005 மே 12ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் தம் வீட்டில் பற்றிய தீயில் மாண்டார். பாடல் முடிந்தது. எழுந்த முதற்கேள்வி, ‘தீ எப்படிப் பிடித்தது ஐயா?’ என்பது. இரண்டாவது கேள்வியும் தீயைப் பற்றியதே. பாடலைப் பற்றி எவரும் கேட்கவில்லை. மாணவர் மீது குற்றமில்லை. கதையை அப்படிக் கட்டிக்கொடுத்தவர்கள் நாம்.

நாம் சொன்ன நான்கு வாக்கியங்களும் உண்மையே. ஆயின் அவற்றை அடுத்தடுத்து வைத்தபோது எழுந்த சித்திரம் பொய். அது எவ்வாறு பொய் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இந்தப் பொய்யை நாம் மட்டும் சொல்லவில்லை என்பதையும், அவருடைய சொந்த நாடே ஒரு திரைப்படம் எடுத்து வேறொரு வகையில் அதைச் சொல்லியிருக்கிறது என்பதையும் போகப்போகக் காணலாம்.

*

க.நா.சு. தமிழாக்கிய ‘மதகுரு’வை வாசித்தவர்களுக்கு மோனிகாவின் ஊர் முற்றிலும் அந்நியமன்று. செல்மா லாகர்லெவ் 1891இல் வெளியிட்ட அந்த நாவலின் நிலம் ஸ்வீடனின் மேற்கிலுள்ள வேர்ம்லாண்ட் மாகாணம். நீண்ட ஏரிகளும் அடர்ந்த காடுகளும் இரும்பு உலைகளும் நிறைந்த அந்த மாகாணத்தின் ஹாக்ஃபோஷ் என்னும் ஆலைநகரில் 1937 செப்டம்பர் 20ஆம் நாள் ஈவா மோனிகா நீல்சன் பிறந்தார். தந்தை இசைக்கலைஞர், உள்ளூர் நடன இசைக்குழு ஒன்றை நடத்தியவர். மகள் அக்குழுவோடு பாடத் தொடங்கினார். பகலில் தொலைபேசி இணைப்பாளர் வேலை.

இங்கே வாய்பாட்டுக் கட்டுரையாளர் ‘எளிய பிறப்பு’ என்று எழுதிக் கடந்துவிடுவார். ஆனால் நிற்கவேண்டிய செய்தி வேறொன்று. வானொலியிலும் இசைத்தட்டுகளிலும் கேட்ட அமெரிக்க ஜாஸ் பாடல்களை அந்தப் பெண் மனப்பாடம் செய்தபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சொற்களின் பொருள் அறியாமல், ஒலியை மட்டும் பற்றிக்கொண்டு பாடினார். பொருள் பிறகு வந்தது. ஒரு மொழியை முதலில் வெறும் ஒலியாக, அளவாக, மூச்சாகக் கற்றுக்கொண்ட செவி அது. பின்னாளில் அவர் செய்த பெருஞ்செயலின் வேர் இங்கே இருப்பதாக நாம் கருதுகிறோம்.

கோபன்ஹேகனில் இப் கிளிண்டெமானின் இசைக்குழு, பின்னர் ஸ்டாக்ஹோமில் ஆர்னெ டொம்னேரஸின் இசைக்குழு என அவர் பாதை விரைவாக விரிந்தது. 1958இல் வந்த அவருடைய முதல் நெடுந்தட்டின் பெயரே ‘ஸ்வீடிஷ் சென்சேஷன்’. ஸ்வீடியப் பெண்ணொருத்தி ஆங்கிலத்தில் பாட, தட்டுக்கு ஆங்கிலத்தில் பெயரிட்டு, ‘பாருங்கள், எங்களிடமும் ஒருத்தி இருக்கிறாள்’ என்று உலகுக்குக் காட்டும் ஏற்றுமதிச் சீட்டு அது. 1960இல் நியூயார்க் சென்றும் பாடினார். வாய்பாட்டின்படி இது ஏறுமுகம். நம் கணிப்பில் இது ஆயத்தக் காலம் மட்டுமே. அவர் அங்கேயே நின்றிருந்தால், அமெரிக்கப் பாடல்களை அமெரிக்கரைப் போல நன்றாகப் பாடிய ஐரோப்பியப் பாடகியர் பலருள் ஒருவராக இருந்திருப்பார்.

*

திருப்பம் நிகழ்ந்தது மொழியில். பெப்பெ வொல்கர்ஸ் என்னும் கவிஞர், நடிகர், நகைச்சுவையாளர், அமெரிக்க ஜாஸ் மெட்டுகளுக்கு ஸ்வீடிய மொழியில் வரிகள் எழுதத் தொடங்கினார். அவற்றுள் மிகப் புகழ்பெற்றது 1962இல் மோனிகா பாடிய ‘ஸாக்தா வீ கோ யெனொம் ஸ்தான்’. ‘நகரினூடே மெல்ல நடக்கிறோம்’ என்பது தலைப்பின் பொருள். மூலப்பாடல் 1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் எழுதப்பட்டது. காதலியை அவள் வீட்டில் கொண்டுவிடும் இளைஞன் ஒருவனின் குறும்புக் கதை அது. வொல்கர்ஸ் அந்தக் கதையைப் பெயர்க்கவில்லை. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதனுள் ஸ்டாக்ஹோம் நகரத்தைக் கொண்டுவந்து வைத்தார். குறும்பு போய் அமைதி வந்தது. வீடுபோய்ச் சேர்வது பின்னுக்குப் போய் நடையே பாடலின் பொருளாயிற்று.

இதை ‘மொழிமாற்றுப் பாடல்’ என்று தரம் தாழ்த்திப் பேசும் போக்கு எங்கும் உண்டு. சந்தத்துக்குச் சொல்லடைக்கும் கைவேலை என்பர். தமிழ் யாப்புப் பயின்ற எவரும் இப்படிப் பேசத் தயங்குவர். ஸ்வீடிய மொழியில் உயிரின் குறில் நெடில் வேறுபாடு சொல்லின் பொருளையே தீர்மானிக்கும். குறிலை அடுத்து வரும் மெய் நீளும், நெடிலை அடுத்த மெய் குறுகும். அத்தோடு சொல்லுக்குச் சொல் ஏறி இறங்கும் இருவகைக் குரலோட்டமும் அம்மொழிக்கு உண்டு. சொல்லே ஒரு சிறு மெட்டை உடன் கொண்டுவருகிறது. அத்தகைய சொற்களை, வேறொரு மொழியின் அழுத்தங்களுக்காகப் பிறந்த மெட்டில், இரண்டும் உடையாமல் பொருத்தவேண்டும். எழுதுபவர் பாதிதான் செய்ய இயலும். மீதியைப் பாடுபவரே செய்தாக வேண்டும். எந்த நெடிலை நீட்டுவது, எதைச் சற்றே சுருக்குவது, எந்த மெய்யில் நிறுத்தித் தாளத்துக்குப் பின்தங்கி வருவது என்பவை அந்தக் கணத்தில் செவி எடுக்கும் முடிவுகள்.

மோனிகாவின் பாடல்களைக் கேட்பவர், மொழி தெரியாவிட்டாலும், ஒன்றை உடனே உணர்வார். அவர் பாடுகிறாரா பேசுகிறாரா என்ற ஐயம் எழும். குரலை உயர்த்திக் காட்டும் வித்தை இல்லை. நடுக்கம் கொடுத்து உருகவைக்கும் உத்தி அரிது. ஒருவர் அருகில் அமர்ந்து தம் மொழியில் இயல்பாக ஏதோ சொல்வது போன்ற தொனி. ஜாஸ் என்றால் ஆங்கிலம் என்றிருந்த காலத்தில், அப்போது ஏறத்தாழ 75 லட்சம் மக்களே வாழ்ந்த ஒரு நாட்டின் அன்றாடப் பேச்சு ஜாஸைத் தாங்கும் என்று அந்தக் குரல் நிறுவியது. க.நா.சு. அயல்நாவல்களைத் தமிழாக்கியதை நாம் அவருடைய இலக்கியச் செயல்பாட்டின் உயிரான பகுதியாகக் கொண்டாடுகிறோம். அதே அளவுகோலை ஒரு பாடகிக்குப் பயன்படுத்த ஏன் மறுக்கிறோம்? பாடகி என்றால் குரல் மட்டும்தான், சொல்லைப் பற்றிய பிரக்ஞை எழுத்தாளனுக்கே உரியது என்ற பழைய மேட்டிமைதான் காரணம் என்று சொல்லத் துணிகிறோம்.

*

இனி அந்தச் சுழியத்துக்கு வருவோம். 1963 மார்ச் 23ஆம் நாள் இலண்டனில் யூரோவிஷன் போட்டி. மோனிகா பாடிய ‘என் கோங் இ ஸ்டாக்ஹோம்’ (‘ஸ்டாக்ஹோமில் ஒருமுறை’) என்ற பாடலுக்கும் வரிகள் எழுதியவர் வொல்கர்ஸே. கிடைத்த மதிப்பெண் சுழியம். ஸ்வீடன் யூரோவிஷனில் சுழியம் பெற்றது அந்த ஒருமுறைதான். இந்தச் செய்தியை நாடகத்தின் உச்சக்கட்டமாக வைக்காத மோனிகா கட்டுரையே இல்லை எனலாம்.

அந்த ஆண்டின் கணக்கு முறையைச் சற்று நோக்குவோம். 16 நாடுகள் பங்கேற்றன. ஒவ்வொரு நாட்டின் நடுவர் குழுவும் தனக்குப் பிடித்த ஐந்து பாடல்களுக்கு மட்டும் ஐந்து முதல் ஒன்று வரை மதிப்பெண் இடும். சொந்த நாட்டுக்கு வாக்களிக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு குழுவிடமிருந்தும் பத்துப் பாடல்கள் வெறுங்கையோடுதான் திரும்பும். எல்லாக் குழுக்களிடமும் ஆறாவது இடத்தைப் பிடித்த பாடலுக்கும் இறுதிக் கணக்கில் சுழியமே. அந்த இரவில் சுழியம் பெற்றவை நான்கு நாடுகள்: ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, நெதர்லாந்து. வென்றது டென்மார்க்.

போட்டியே மோசடி என்பது நம் வாதமன்று. மெல்லிய குரலில் ஒரு நகரத்தைப் பற்றி ஒரு சிறுமொழியில் பாடிய ஜாஸ் பாடல், ஒரே ஒருமுறை கேட்டு மதிப்பெண் இடும் அயல்நாட்டு நடுவர்களைக் கவரவில்லை. அவ்வளவே நிகழ்ந்தது. இது தோல்விதான். ஆனால் எதன் தோல்வி? ஓர் இரவின், ஒரு வாக்குமுறையின் முன்னான தோல்வி. அதை ஒரு வாழ்வின் திருப்புமுனையாக ஆக்குபவர்கள், போட்டி நடுவர்களின் அதிகாரத்தை அந்த இரவுக்கு அப்பாலும் நீட்டித்துத் தருகிறார்கள். பரிசுப் பட்டியல்களை ஐயத்தோடு நோக்கும் சிற்றிதழ் மரபில் வந்த நாமே இதைச் செய்வதுதான் அபத்தம்.

*

இலண்டன் இரவுக்குப் பதினேழு மாதங்கள் கழித்து, 1964 ஆகஸ்டில், ஸ்டாக்ஹோமில் ஓர் ஒலிப்பதிவு நடந்தது. பியானோவில் பில் எவன்ஸ், பாஸில் சக் இஸ்ரேல்ஸ், டிரம்ஸில் லாரி பங்கர், குரல் மோனிகா. ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ என்ற தட்டாக அது வெளிவந்தது. எவன்ஸ் தம் அண்ணன் மகளுக்காக இயற்றிய அந்த வால்ட்ஸ் 1950களிலிருந்தே அவருடைய அடையாளமாக விளங்கியது. அதற்கு வொல்கர்ஸ் ஸ்வீடிய வரிகள் எழுதினார். பெயர் ‘மோனிகாஸ் வால்ஸ்’, அதாவது மோனிகாவின் வால்ட்ஸ். அதே தட்டில் ‘யாக் வேத் என் தெய்லி ரூசா’ போன்ற ஸ்வீடிய மரபுப் பாடல்களும் உண்டு, அமெரிக்க மேடைப்பாடல்களும் உண்டு.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது இடம். நடந்தது ஸ்டாக்ஹோமில். எவன்ஸ் அவர் காலத்து ஜாஸ் பியானோவின் போக்கையே மாற்றியவர். அவர் ஒரு ஸ்வீடியப் பாடகியின் ஊரில் அமர்ந்து, தமக்குப் புரியாத மொழியில் அவர் பாட, தம் சொந்த மெட்டை உடன் வாசிக்கிறார். பியானோ அவர் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்குவதையும், குரல் ஒரு நெடிலில் தங்கும்போது அடியில் சுரங்களை மாற்றி வைப்பதையும் கேட்கலாம். ஹாக்ஃபோஷில் பொருள் அறியாமல் ஆங்கிலம் பாடிய பெண், இப்போது பொருள் அறியாத அமெரிக்கர் ஒருவரை உடன் வாசிக்க வைத்துத் தம் மொழியில் பாடினார். மோனிகாவின் வாழ்வில் திருப்பம் என்று ஒன்றைச் சுட்டவேண்டுமெனில் நாம் இதைத்தான் சுட்டுவோம்.

2013இல் பெர் ஃப்ளூய் இயக்கத்தில் ‘மோனிகா செட்’ என்ற வாழ்க்கை வரலாற்றுப் படம் வந்தது. பாடகி எட்டா மாக்னாசன் மோனிகாவாக நடித்துத் தாமே பாடவும் செய்தார். அவருடைய பாட்டும் நடிப்பும் பாராட்டுக்குரியவை, விருதும் பெற்றவை. நம் சண்டை திரைக்கதையோடு. அதில், நியூயார்க் செல்லும் மோனிகா எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் முன் ஓர் அமெரிக்கப் பாடலைப் பாடுகிறார். ‘நீ அறியாத ஊரைப் பற்றி ஏன் பாடுகிறாய்’ என்ற பொருள்பட எல்லா கண்டிக்கிறார். அதன் பிறகே மோனிகா தம் மொழிக்குத் திரும்புகிறார். இறுதியில் பில் எவன்ஸோடு அவர் பாடும் வெற்றியையும் படம் நியூயார்க்கிலேயே வைக்கிறது.

திரைப்படம் ஆவணமன்று, கற்பனைக்கு உரிமையுண்டு என்பதை அறிவோம். ஆனால் கற்பனை எந்தத் திசையில் செல்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. ஸ்வீடியத்தில் பாடவேண்டும் என்ற முடிவு வொல்கர்ஸும் மோனிகாவும் அவர்கள் தலைமுறையினரும் ஸ்டாக்ஹோமில் உழைத்து அடைந்த கலை முடிவு. படத்தில் அது அமெரிக்கர் ஒருவரிடம் வாங்கிய திட்டின் விளைவாகிறது. ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்த சாதனை, நியூயார்க்கில் நிகழ்ந்தால்தான் சாதனை என்றாகிறது. சொந்த மொழியில் பாடுவதற்கும் அயலாரின் அனுமதிச்சீட்டு வேண்டும் என்பதே இதன் உட்பொருள். ஒரு சிறுமொழிச் சமூகம் தன் கலைஞரைத் தானே இப்படிக் குறைத்துச் சொல்லிக்கொள்வதைக் காணும்போது நமக்கு வியப்பில்லை, வருத்தமே உண்டு. நாமும் அதைச் செய்பவர்கள்தாம்.

இந்த இடத்தில் ‘ஸ்வீடனின் பில்லி ஹாலிடே’ என்ற பட்டத்தையும் நிராகரித்துவிடுவோம். பில்லியின் தட்டுகளை மோனிகா ஊன்றிக் கேட்டவர், உண்மை. ஆனால் பில்லி ஹாலிடே நிறவெறிச் சட்டங்களின் நாட்டில் கறுப்பினப் பெண்ணாகப் பாடியவர். 1959இல் நியூயார்க் மருத்துவமனைப் படுக்கையிலேயே கைதுசெய்யப்பட்டு, காவலுக்குள் உயிர்விட்டவர். ஜாஸ் அந்த மக்களின் வாழ்விலிருந்து பிறந்த இசை. மோனிகாவின் துன்பங்களை அந்த வரலாற்றோடு சமன்செய்வது பில்லிக்கு இழைக்கும் அநீதி. மோனிகாவை இன்னொருவரின் வட்டாரப் பதிப்பாக ஆக்குவது மோனிகாவுக்கு இழைக்கும் அநீதி. கடன்வாங்கிய இசைக்கு நேர்மையாக நடந்துகொள்ளும் வழி, கடன்கொடுத்தவரின் துயரத்தை நடித்துக்காட்டாமல் தன் வாழ்விடத்திலிருந்து பாடுவதே. அதைத்தான் அவர் செய்தார். ‘தமிழின் செகாவ்’, ‘தமிழின் காஃப்கா’ என்று பட்டம் கட்டிப் பழகிய நம் விமர்சன நாவுக்கு இது எளிதில் பிடிபடாது.

*

நடிகை மோனிகாவைப் பற்றிய பேச்சு வரும்போது இன்னொரு மேட்டிமை தலைகாட்டும். ஹான்ஸ் ஆல்ஃபிரெட்ஸன், டாகெ டேனியல்ஸன் என்னும் இரட்டையரின் நகைச்சுவை மேடைகளிலும் படங்களிலும் அவர் நெடுங்காலம் பங்கேற்றார். 1965இல் வந்த ‘ஆத் அன்யோரா என் ப்ரிக்கா’, 1971இல் வந்த ‘எப்பெல்க்ரீகெத்’ ஆகிய படங்கள் ஸ்வீடியர் தலைமுறைகளாக நினைவில் வைத்திருப்பவை. ‘பெரிய ஜாஸ் கலைஞர் கோமாளிக் கூத்தில் வீணானார்’ என்பது சில தூய ஜாஸ் பற்றாளரின் அங்கலாய்ப்பு. அந்த இரட்டையர் தம் நிறுவனத்துக்கு இட்ட பெயர் ‘ஸ்வென்ஸ்கா ஊர்ட்’, அதாவது ‘ஸ்வீடியச் சொற்கள்’. சொல்லின் நுட்பத்தையும் சொல்விளையாட்டையும் நம்பி இயங்கிய குழு அது. பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள கோட்டில் நடந்த பாடகிக்கு அதைவிடப் பொருத்தமான பள்ளி எது? நகைச்சுவையில் ஒரு சொல்லை அரைக்கணம் தாமதித்துச் சொல்லும் கலையும், ஜாஸில் தாளத்துக்குப் பின்தங்கிப் பாடும் கலையும் வேறுவேறல்ல.

இதன் கனிந்த பயன் யான் ட்ரொயெல் இயக்கிய ‘புலம்பெயர்ந்தோர்’ (1971), ‘புதுக்குடியேறிகள்’ (1972) ஆகிய இரு படங்களில் தெரிகிறது. வில்ஹெல்ம் மூபெரி எழுதிய நாவல் வரிசையைத் தழுவியவை இவை. வறுமையும் மதநெருக்கடியும் தாங்காமல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்மோலாண்டிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குக் கப்பலேறும் உழவர்களின் கதை. மாக்ஸ் வான் சிடோவும் லிவ் உல்மனும் முதன்மை இணையர். மோனிகா ஏற்றது உல்ரிகா பாத்திரம். ஊரால் பரத்தை என்று ஒதுக்கப்பட்டவள், மகளோடு கப்பலேறுகிறாள். உல்மன் நடித்த கிறிஸ்தினா அவளை அருவருக்கிறாள். கப்பலில் பேன் பரவியபோது உல்ரிகாமீதே பழி சுமத்துகிறாள். பேன் இல்லாத ஒருத்தி உல்ரிகா மட்டுமே என்று தெரியவருகிறது. அந்நிய மண்ணில் கிறிஸ்தினாவின் நெருங்கிய தோழியாக மாறுபவளும் அவளே.

இந்தப் பாத்திரத்தைத் தியாகச்சுடராக நடித்துக் கண்ணீர் வரவழைப்பது எளிது. மோனிகா அவ்வழியை நாடவில்லை. அவருடைய உல்ரிகா உரக்கப் பேசுவாள், கேலி செய்வாள், தன்னிரக்கத்துக்கு இடம்கொடாள். இழிவு செய்தவர்களை மன்னிக்கும்போதும் அவள் குரலில் ஒரு முனை மழுங்காமல் இருக்கும். இப்பாத்திரத்துக்காக ஸ்வீடனின் ‘குல்ட்பாகெ’ திரைவிருது அவருக்குக் கிடைத்தது. விருதைவிட நமக்கு முக்கியம், தன்னைப் பரிதாபப் பொருளாக்க முயலும் ஊரை ஏளனம் செய்யும் பெண்ணாக அவர் நடித்திருக்கிறார் என்பது. அப்படிப்பட்ட நடிகையின் வாழ்க்கையையே நாம் பரிதாபக் கதையாக எழுதுகிறோம்.

*

நம்மை நோக்கி ஒரு மறுப்பு வரலாம். ‘துயரத்தை மறைக்கச் சொல்கிறீர்களா? குடியும் முறிந்த உறவுகளும் உடல்நோவும் கொடிய மரணமும் நிகழ்ந்தவைதாமே? கலைஞரின் வாழ்வைக் கழுவித் துடைத்து வைப்பதும் பொய்தானே?’

நியாயமான கேள்வி. மறைக்கச் சொல்லவில்லை. அவருக்கு முதுகெலும்பு வளைவு நோய் இருந்தது. அந்த நோவோடுதான் நாற்பதாண்டுகளுக்கு மேல் மேடையேறினார். 1972இல் ஸ்டீவ் கூனோடு ‘சிக்கன் ஃபெதர்ஸ்’, 1977இல் தாட் ஜோன்ஸ், மெல் லூயிஸ் ஆகியோரின் பெருங்குழுவோடு ஒரு தட்டு, 1990களிலும் புதிய தட்டுகள் என்று வேலை நின்றபாடில்லை. நோய் முற்றி 1999இல் ஓய்வு பெற்றார். இந்த உண்மை அவருடைய உழைப்பைப் பற்றியது, ஆகவே சொல்லப்படவேண்டியது. படுக்கையில் புகைத்த சிகரெட்டிலிருந்து தீ பற்றியதாகச் செய்திகள் கூறின. அதையும் சொல்லலாம், ஒரு வாக்கியத்தில். வாழ்வின் கடைசி இரவு அதற்கு முந்தைய 67 ஆண்டுகளுக்கு உரை எழுதிவிடாது. 1963இல் தோற்றவர் 2005இல் எரிந்தார் என்று இரண்டையும் ஒரே நூலில் கோத்து, நடுவிலுள்ள நாற்பத்திரண்டு ஆண்டுகளை வீழ்ச்சியாக வாசிக்கச் செய்வதைத்தான் எதிர்க்கிறோம்.

1992இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலுக்கு அவர் இட்ட தலைப்பு, ‘மோசமான ஞாபகசக்தியிலிருந்து சில நினைவுகள்’ என்ற பொருளுடையது. தன் வாழ்க்கைக் கதையை யாரும் அளவுக்கு மீறி நம்பிவிடவேண்டாம் என்ற எச்சரிக்கையாகவே நாம் அதைக் கொள்கிறோம். ஸ்டாக்ஹோமின் வாசாஸ்தான் பகுதியில் இன்று அவர் பெயரில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. அங்குள்ள நீண்ட மர இருக்கையில் அமர்வோருக்கு அவருடைய பாடல்கள் ஒலிக்கும். தட்டச்சிட்ட துயரக் குறிப்பைவிட அது நல்ல நினைவுச்சின்னம்.

மறுவருடம் அதே தாளுக்கான வகுப்பு மீண்டும் வந்தது. இம்முறை பிறப்பையும் சொல்லவில்லை, இறப்பையும் சொல்லவில்லை. ‘இது ஸ்வீடிய மொழி, மெட்டு அமெரிக்கருடையது’ என்று மட்டும் சொல்லி ‘மோனிகாஸ் வால்ஸ்’ பாடலைப் போட்டோம். முடிந்ததும் சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையுயர்த்தி, ‘ஒரு இடத்தில் சொல் முடிந்த பிறகும் குரல் நிற்கிறதே, அது நெடிலா ஐயா, இல்லை அவரே நீட்டுகிறாரா?’ என்று கேட்டார். எமக்கு உறுதியாக விடை தெரியவில்லை. பாடலை மறுபடியும் முதலிலிருந்து போட்டோம்.